ஒரு வெள்ளை, காரமில்லாமல்

என் ஆயுளில் பதினேழு நாட்கள் நான் வெள்ளைக்காரனாக இருந்திருக்கிறேன். என் நிறத்தை நேரில் பார்த்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். ஆனால் அந்தமானில், போர்ட் பிளேரின் அபர்டீன் பஜாரில் ஜெயமணியின் மெஸ்ஸில் அந்தப் பதினேழு நாளும் நான் படியேறியதுமே, கல்லாவில் உட்கார்ந்தபடி அவள் அடுப்படியைப் பார்த்து "ஒரு வெள்ளை!" என்றுதான் குரல் கொடுத்தாள். எனக்கு அப்போது மஞ்சள் காமாலை.

இது விளங்க வேண்டுமானால் அந்த மெஸ்ஸின் முறையைச் சொல்ல வேண்டும். அங்கே மெனு கார்டு கிடையாது. மேசைகளுக்கு நம்பர் கிடையாது. மதியத்துக்கு மீன் சோறு ஒன்றுதான். ஆனால் இந்தத் தீவில் பத்துப் பேர் சேர்ந்து உட்கார்ந்தால் பத்து ஊர் நாக்கு உட்கார்ந்திருக்கும். சமையல்காரி ரெங்கம்மா சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். வந்தது யார் என்று அவளுக்குத் தெரியாது. அதனால் ஜெயமணி ஆளைப் பார்த்து ஊரைச் சொல்லிவிடுவாள். "ஒரு பெங்காலி!" என்றால் மீன் தலையும், மேலே இரண்டு சொட்டுக் கடுகெண்ணெயும். "ரெண்டு மலையாளி!" என்றால் குண்டரிசிச் சோறு. "ஒரு தெலுங்கு!" என்றால் குழம்பில் இன்னும் ஒரு கரண்டி மிளகாய்த்தூள். "ஒரு ராஞ்சி!" என்றால் பருப்பு, பச்சை வெங்காயம், நாலு பச்சை மிளகாய். "நாலு மெயின்லேண்ட்!" என்றால் டூரிஸ்ட் வந்திருக்கிறார்கள், முள் இல்லாத துண்டாகப் போடு, தயிர் கேட்பார்கள், போட்டோ எடுப்பார்கள், தலைமுடியை முடிந்துகொள் என்று அர்த்தம். "ஒரு லோக்கல்!" என்றால் நான். கொடுத்ததைத் தின்பவன்.

"ஒரு வெள்ளை!" என்றால் காரம் கூடாது. அவித்த முட்டை, முள்ளெடுத்த மீன், காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், துடைத்த கரண்டி.

இதில் பிறப்புக்கு மரியாதை கிடையாது, வயிற்றுக்குத்தான். துறைமுகத்தில் வேலை பார்க்கும் தாஸ் பாபு சுத்தமான பெங்காலி. அல்சர் வந்த நாளிலிருந்து இரண்டு வருடமாக அவர் வெள்ளைக்காரர். மீன் தலை என்றால் உயிரை விடும் குரியன் சேட்டன் கோட்டயத்துக்காரராக இருந்தும் பெங்காலி. யாரும் கோபித்துக்கொண்டது இல்லை. அப்படித்தான் நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். பெயர் குருநாதன். மெஸ்ஸுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனைவி மாயாபந்தரில் டீச்சர், அதனால் மதியச் சோறு ஜெயமணியிடம். என் கொள்ளுத்தாத்தா திருநெல்வேலிப் பக்கம் வரப்புச் சண்டையில் ஒருத்தனை வெட்டிவிட்டுக் கைதியாகக் கப்பலேறி வந்தவர். மற்ற ஊர்களில் இதை மூடி மறைப்பார்கள். இங்கே நாங்கள் தாத்தா பட்டம் வாங்கியதைப் போலச் சொல்லிக்கொள்வோம். நேற்று வந்தவர்கள் எல்லாம் செட்டிலர், நாங்கள் லோக்கல். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஜெயமணி கட்சால் தீவில் பிறந்தவள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் சிலோனில் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர்கள். எழுபதுகளில் அங்கிருந்து அனுப்பிவைக்கப்பட்டவர்களை அரசாங்கம் கட்சாலில் ரப்பர் தோட்டத்தில் கொண்டுவந்து குடிவைத்தது. சிலோனில் இருந்தவரை அவர்களை 'இந்தியாக்காரன்' என்று சொல்லியிருக்கிறார்கள். கப்பலை விட்டு இறங்கிய நிமிடத்திலிருந்து 'சிலோன்காரன்'. ஜெயமணி விடியற்காலையில் பால் வெட்டப் போய், பள்ளிக்கூடம் போய், மறுபடி பால் சேகரித்து வளர்ந்தவள். கப்பலில் வேலை பார்க்கும் ஈஸ்வரனைக் கட்டிக்கொண்டாள். சுனாமி வந்தபோது இடுப்பில் ஒரு வயதுக் குழந்தையோடு ரப்பர் மேட்டுக்கு ஓடினாள். உயிர்கள் மிஞ்சின, வீடு மிஞ்சவில்லை. போர்ட் பிளேருக்கு வந்து கேம்ப்பில் இருந்து, பிறகு ஒரு மெஸ்ஸில் பாத்திரம் கழுவி, காய் நறுக்கி, சமைக்கக் கற்று, கடைசியில் இந்த இடத்தைப் பிடித்தாள். ஈஸ்வரன் மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருப்பார், அதில் மூன்று நாள் தூங்குவார்.

கடையின் போர்டில் மூன்று மொழியில் 'ஜெயமணி மெஸ்' என்று எழுதியிருக்கிறது. அதைப் படித்தவர் யாரும் இல்லை. ஆட்டோக்காரனிடம் 'சிலோன் மெஸ்' என்றால்தான் வண்டி நகரும். அரசாங்கம் போர்ட் பிளேருக்கே பெயர் மாற்றிவிட்டது, இந்த மெஸ்ஸின் பெயரை மட்டும் யாராலும் மாற்ற முடியவில்லை. ஜெயமணி சிலோனைப் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை.

இந்த மெஸ்ஸுக்குத்தான் இங்ரித் வந்து சேர்ந்தாள். நார்வேக்காரி, முப்பது வயது இருக்கும். கடற்பசு தின்கிற புல்லைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வந்தவள். அவளுடைய பெர்மிட் காகிதங்களை நான்தான் எட்டு செட் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். அதில் அவள் வந்த காரணத்தைப் படித்துவிட்டு ரெங்கம்மாவிடம் சொன்னேன்.

"புல்லுப் பாக்கவா அம்புட்டுத் தூரத்துலருந்து வந்திருக்கா? அவுக ஊர்ல மாடு இல்லையா?" என்று அவள் உண்மையாகவே வருத்தப்பட்டாள்.

தினமும் ஒன்றரை மணிக்கு முழங்கால் வரை உப்புத் தண்ணீர் காய்ந்த பேண்ட்டோடு இங்ரித் வருவாள். "ஒரு வெள்ளை!" குரல் போகும். முள்ளெடுத்த மீன் வரும். அந்த முள்ளை ரெங்கம்மா எடுப்பதில்லை, ஜெயமணியே உட்கார்ந்து எடுப்பாள். பெற்ற பெண்ணுக்குக்கூட அவள் முள்ளெடுத்துப் போட்டதில்லை என்று நினைக்கிறேன். இங்ரித் அவ்வளவையும் சாப்பிட்டுவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கு, தேங்க்யூ அக்கா" என்று சொல்லிவிட்டுப் போவாள். ஆறு மாதம் ஒரு நாள் தப்பாமல் இது நடந்தது. மெஸ்ஸில் கேட்டுக் கேட்டே தமிழும் பிடித்துக்கொண்டாள். அதனால் அவளுக்கு வந்தது ஜெயமணியின் தோட்டத்துத் தமிழ். 'முடியாது' என்று அவள் வாயில் வராது, 'ஏலாது' என்றுதான் வரும்.

அப்போதுதான் கவிப்ரியா லீவுக்கு வந்தாள். சுனாமியில் இடுப்பில் இருந்த அதே குழந்தை, இப்போது சென்னையில் சமூகவியல் எம்.ஏ. படிக்கிறது. வந்த மறுநாள் மதியம் கல்லாவில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இங்ரித் படியேறினாள். ஜெயமணி வழக்கம்போலக் குரல் கொடுத்தாள்.

"அம்மா, இப்ப என்ன சொன்ன?"

"என்னா சொன்னேன்? ஒரு வெள்ளைன்னேன்."

"ஒரு மனுஷியத் தோல் கலரை வச்சுக் கூப்பிடுவியா?"

"அது கலர் இல்லடி. காரம் இல்லாத சோறு."

"அது அவங்களுக்குத் தெரியுமா?"

ஜெயமணி சில்லறையை எண்ண ஆரம்பித்தாள். கவிப்ரியா விடவில்லை. ஹாஸ்டலில் தன்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'ஏய் அந்தமான்' என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்றாள். "பாஸ்போர்ட் காட்டித்தான் வந்தியான்னு கேக்குறாங்கம்மா. உங்க ஊர்ல என்ன காசு ஓடுதுன்னு கேக்குறாங்க. சிரிச்சிக்கிட்டே பதில் சொல்வேன். ரூமுக்கு வந்ததும் எரியும்." அவள் பேசியது மெஸ் முழுக்கக் கேட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டு மீனில் கவனமாக இருந்தேன். இங்ரித் வழக்கம்போல "ரொம்ப நல்லா இருக்கு" சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் அவள் வரவில்லை.

அதற்கு மறுநாளும் வரவில்லை. முள்ளெடுத்து வைத்த மீனை ஜெயமணி நாலு மணிக்கு என் கடைக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, அந்தப் புள்ளைக்கு அது வெளங்கிருச்சு. கவி பேசினதக் கேட்டுருக்கும். அதான் வரல."

"உடம்பு சரியில்லாம இருக்கும்" என்றேன்.

"அதெல்லாம் இல்ல. எனக்குத் தெரியும்." பிறகு, இத்தனை வருடப் பழக்கத்தில் என்னிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். "சுனாமி கேம்ப்ல சோத்துக்கு வரிசையில நிக்கிறேன். கையில கவி. பரிமாறுன ஆளு நல்ல மனுசன்தான், கெட்டவன்னு சொல்ல ஏலாது. என்னையக் காட்டி, 'அந்த சிலோனுக்குப் போடு'ன்னாரு. நான் சிலோனக் கண்ணாலயும் கண்டதில்லண்ணே. வாங்கிக்கிட்டேன், பசி. ஆனா தின்ன ஏலல. புள்ளைக்கு ஊட்டிட்டு அப்படியே வச்சிட்டேன். இருவது வருசமாச்சு, அந்த ஆளு மொகம் மறந்துபோச்சு, கொரலு மறக்கல. இப்ப அதே வேலைய நான் பண்றேன். அதுவும் சோத்த வச்சிக்கிட்டு."

எனக்குச் சங்கடமாகிவிட்டது. அந்த மெஸ்ஸை 'சிலோன் மெஸ்' என்று முதலில் சொல்லிப் பரப்பியவர்களில் நானும் ஒருவன். மீனைச் சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் ஜெயமணி எல்லா வாடிக்கையாளர்களையும் விசாரிக்கத் தொடங்கினாள். சோற்றைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டு, "ஒங்கள நான் இப்படிக் கூப்பிடுறது மனசுக்குக் கஷ்டமா இருக்கா?" என்று கேட்பாள். சாப்பிடும்போது இப்படி ஒரு கேள்வியைக் கேட்டால் யாருக்கும் புரையேறும். தாஸ் பாபு பயந்துபோய், "க்யா ஹுவா? என்ன ஆச்சு? என்னைய வெள்ளைலருந்து எறக்கப் போறியா?" என்று கேட்டார். வெள்ளைக்காரர் ஆனது தனக்கு ப்ரமோஷன் மாதிரி என்றும், ஆபீஸிலே இதுவரை ஒன்றும் கிடைக்கவில்லை என்றும் சொன்னார். குரியன் சேட்டன், தலை வருகிறவரை தன்னை ரஷ்யாக்காரன் என்று கூப்பிட்டாலும் சம்மதம் என்றார். தெலுங்குக் காண்ட்ராக்டர் ஒருவர், எல்லாம் சரி, இப்போதெல்லாம் மிளகாய் பற்றவில்லை என்று புகார் சொன்னார். என்னிடமும் கேட்டாள். லோக்கல் என்பது எனக்குப் பெருமை என்றேன். ஒருமுறை சென்னையில் கவிப்ரியாவின் காலேஜ் வாசலில் 'நான் லோக்கல்' என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லி, அங்கே இருந்த பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்ததை மட்டும் சொல்லவில்லை.

கடைசியாக மூலை மேசையில் இருந்த மார்ட்டினிடம் போனாள். மார்ட்டின் டிர்கி பைப் ஃபிட்டர். பத்து வருடமாக வருகிறான், பத்து வருடமாக அவன்தான் 'ஒரு ராஞ்சி'. ராஞ்சிப் பக்கத்திலிருந்து காடு வெட்ட வந்தவர்களின் வம்சத்தை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். அதிகம் பேசாத ஆள். கேள்வியைக் கேட்டதும் கையிலிருந்த பச்சை மிளகாயைத் தட்டில் வைத்தான்.

"தீதி, நான் பாராடாங் தீவில் பிறந்தவன்" என்று ஹிந்தியில் சொன்னான். "என் அப்பாவும் இங்கேதான் பிறந்தார். ராஞ்சியை நான் பார்த்ததே இல்லை. என் பேர் டிர்கி."

"இத்தன வருசமா ஏன்யா சொல்லல?"

"சோறு நல்லா இருந்துச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு மிளகாயைக் கடித்தான்.

ஜெயமணி கல்லாவுக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தாள். பத்து வருடம் சிரித்த முகத்தோடு சாப்பிட்டவன் மனதிலே இது இருந்திருக்கிறது என்றால், ஆறு மாதம் 'ரொம்ப நல்லா இருக்கு' சொன்னவளின் மனதில் என்ன இருந்திருக்கும்? அவள் முகத்தில் இந்தக் கணக்குத்தான் ஓடியது. அன்றிரவே ஊர்ப் பெயர்கள் எல்லாம் ஒழிந்தன. கவிப்ரியா எட்டு மேசைகளிலும் எட்டு நம்பர் ஒட்டினாள்.

நம்பர் முறை இரண்டு நாள் நடந்தது. மூன்று நாள் நடந்திருந்தால் எங்களில் யாராவது செத்திருப்போம்.

ஏற்பாடு என்னவோ நல்ல ஏற்பாடுதான். வந்தவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, ஒரு சீட்டில் நம்பரோடு எழுதி, சுவரில் இருக்கும் ஓட்டை வழியாக நீட்ட வேண்டும். ரெங்கம்மாவுக்கு எழுத்துப் படிக்க வராது, நம்பர் மட்டும் தெரியும் என்பதைக் கவிப்ரியாவிடம் சொல்ல எல்லோரும் மறந்துவிட்டோம். ரெங்கம்மாவும் சொல்லவில்லை. அவளுக்கும் ரோஷம் உண்டு. முதல் நாள் எந்த மேசைக்கு என்ன போனதோ, அதையே அந்த மேசையின் விதி என்று அவள் மனதில் குறித்துக்கொண்டாள். முதல் நாள் மூன்றாம் நம்பரில் உட்கார்ந்தவர் தெலுங்குக் காண்ட்ராக்டர். மிளகாய் பற்றவில்லை என்று அவர் சொல்லியிருந்ததால் அன்றைக்குத் தாராளமாகவே போயிருக்கிறது. ஆகவே மூன்று என்றால் நெருப்பு.

இரண்டாம் நாள், ஃபேன் காற்று நன்றாக வருகிறதே என்று தாஸ் பாபு மூன்றாம் நம்பரில் உட்கார்ந்தார்.

முதல் கவளத்தில் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் கவளத்தில் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு எழுந்து என்னுடைய தண்ணீரைக் குடித்தார், டிர்கியின் தண்ணீரைக் குடித்தார், டூரிஸ்ட் குடும்பத்தின் பாட்டிலை வாங்கிக் குடித்தார். அந்தக் குடும்பம் அதை வீடியோ எடுத்தது. 'மா காளி' என்று மூன்று தடவை சொன்னார். நான்தான் ஆட்டோவில் ஏற்றி விட்டேன். அதே நேரத்தில் ஆறாம் நம்பரில் காண்ட்ராக்டருக்கு முன்னால் அவித்த முட்டையும் துடைத்த கரண்டியும் வந்து நின்றன. தன் வீட்டில் யார் இறந்துபோனது, தனக்கு ஏன் இந்தப் பத்தியம் என்று அவர் சத்தம் போட்டார்.

ரெங்கம்மா கரண்டியோடு வெளியே வந்தாள். "ஏத்தா கவி, நம்பருக்கு நாக்கு இருக்கா? வயிறு இருக்கா? மூணுன்னா எனக்கு என்னா தெரியும்? ஆளச் சொல்லு, அடுப்பப் பத்தவைக்கிறேன். இல்லைன்னா இந்தா கரண்டி." கரண்டியைக் கல்லாவில் வைத்துவிட்டாள். கவிப்ரியா நம்பர்களைக் கிழித்துப் போட்டாள். பாவம், அவள் சொன்னதிலும் தப்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை மெஸ் லீவு. இங்ரித் வராமல் ஆறு நாளாகியிருந்தது. காலையிலேயே ஜெயமணி நாலடுக்கு டிபன் கேரியரோடு என் வீட்டு வாசலில் நின்றாள்.

"அண்ணே, வாங்க. அந்தப் புள்ளைக்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். எனக்குத் தமிழ்ல கேக்கத் தெரியும், வெளங்கலைன்னா நீங்க இங்கிலீஷ்ல சொல்லுங்க."

என் இங்கிலீஷ் ஜெராக்ஸ் கடை இங்கிலீஷ். 'போத் சைட்', 'சிங்கிள் சைட்', 'சைன் ஹியர்' வரைக்கும் போகும். அதைக் காட்டிக்கொள்ளாமல் சட்டையை மாட்டிக்கொண்டேன். வழியெல்லாம் அவள் ஒத்திகை பார்த்தாள். "ஒன்னக் கேவலப்படுத்த இல்லம்மா. அது காரத்துக்கு வச்ச பேரு." பிறகு அதுவே கேவலமாக இருக்கிறது என்று நிறுத்திவிட்டு வேறு மாதிரி ஆரம்பித்தாள்.

இங்ரித் டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் ராசம்மா என்பவர் வீட்டு மாடியில் குடியிருந்தாள். வீடு பூட்டியிருந்தது. கீழே துணி உலர்த்திக்கொண்டிருந்த ராசம்மா எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"அந்தப் பொண்ணா? நல்லாத்தானே இருக்கா. மத்தியானச் சோத்துக்கு ஜங்கிலிகாட்டுக்குல்ல போறா. ஒரு வாரமா அங்கதான்."

ஜெயமணியின் முகம் மாறியது. உடம்பு சரியில்லாமல் இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். ஆட்டோவில் டிபன் கேரியரை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஜங்கிலிகாட்டில் படகுத் துறைக்குப் பக்கத்தில், தார்ப்பாய்க்குக் கீழே, ஒரு தெலுங்கம்மா மீன்காரர்களுக்காகச் சோறு போடுகிற கடை. பெஞ்சில் ஆறு மீனவர்களுக்கு நடுவில் இங்ரித் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் இருந்த குழம்பு செங்கல் நிறத்தில் இருந்தது. அவள் மூக்கும் அதே நிறத்தில் இருந்தது. கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. இடது கையால் மூக்கைத் துடைப்பதும் வலது கையால் பிசைந்து உருட்டி வாயில் போடுவதுமாக, உலகத்தை மறந்து தின்றுகொண்டிருந்தாள்.

நிமிர்ந்தாள். ஜெயமணியைப் பார்த்தாள். பக்கத்தில் கிடந்த செய்தித்தாளை எடுத்துத் தட்டை மூடினாள்.

கள்ளத்தனம் கையும் களவுமாகப் பிடிபட்டால் எப்படியிருக்குமோ அப்படி இருந்தது. ஆறு மீனவர்களும் மெல்வதை நிறுத்திவிட்டார்கள். யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் நான் கடலைப் பார்த்தேன்.

"நீ... காரம் தின்னுவியா?" என்று ஜெயமணி கேட்டாள். ஒத்திகை பார்த்தது எதுவும் வரவில்லை.

"அக்கா, ஆறு மாசம்" என்றாள் இங்ரித். குரல் உடைந்தது, காரத்தாலா துக்கத்தாலா என்று சொல்ல முடியவில்லை. "வெள்ள சோறு. வெள்ள மீனு. வெள்ள முட்டை. எனக்கு ஏலாது, அக்கா! பக்கத்து டேபிள்ள செவப்புக் கொழம்பு வருது. வாசம் வருது. நான் கேட்டேன். நீங்க சிரிச்சீங்க. 'ஒனக்கு ஏலாதும்மா'ன்னீங்க."

ஜெயமணிக்கு ஞாபகம் வந்தது. எனக்கும் வந்தது. மூன்றாவது மாதத்தில் ஒருநாள் அப்படிக் கேட்டாள்தான். மெஸ்ஸே சேர்ந்து செல்லமாகச் சிரித்தது, நானும் சிரித்தேன்.

"அப்பறம் ஏன் சொல்லல?"

"நீங்க முள்ளு எடுக்குறீங்க. கையால. தெனமும். எப்படிச் சொல்றது? அன்னைக்குக் கவிகிட்ட, வெள்ளைன்னா காரம் இல்லாத சோறுன்னீங்க, இனி எனக்கு எப்பவும் அதுதான்னு வெளங்கிச்சு, இங்க வந்துட்டேன்."

ஜெயமணி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பிறகு, எதற்காக வந்தாளோ அதைக் கேட்டாள். "நான் ஒன்ன வெள்ளைன்னு கத்துறேனே. அதுக்குக் கோவம் இல்லையா? உண்மையச் சொல்லு."

இங்ரித் சட்டென்று இல்லை என்று சொல்லிவிடவில்லை. அது எனக்குப் பிடித்தது. யோசித்தாள், மூக்கைத் துடைத்தாள். "மொத மாசம் கோவம். எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க. நான் ஒரு ஆளு இல்ல, ஒரு கலர் மாதிரி. ரோட்டுல யாராச்சும் கத்தினா இன்னும் கோவம்தான். நீங்க கத்தினா சோறு வரும். அதனால கோவம் போச்சு." தட்டின் மேலிருந்த செய்தித்தாளை எடுத்தாள். "ஆனா எல்லாருக்கும் ஒரு சோறு, எனக்கு மட்டும் வேற சோறு. அதுதான் கஷ்டம். அந்தப் பேரு வேணாம்னா காதப் பொத்தலாம். சோத்த என்ன பண்றது?"

ஜெயமணி அந்தத் தட்டில் விரலை விட்டுக் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"இது கொழம்பா?" என்றாள். கடைக்காரத் தெலுங்கம்மாவுக்குக் கேட்கிற மாதிரிதான் சொன்னாள். "வெறும் மொளகாத்தூளு. புளி எங்க, தேங்காய் எங்க? இதத் தின்னா அழுகாச்சி வராம என்ன செய்யும்? நாளைக்கு வா."

டிபன் கேரியரில் இருந்த நாலடுக்கு வெள்ளைச் சோற்றை ஆட்டோவில் திரும்பும் வழியில் நான்தான் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஆறு மாதம் யாராலும் முடியாது.

திங்கட்கிழமை ஒன்றரை மணிக்கு மெஸ் நிரம்பியிருந்தது. டிர்கி வந்தபோது ஜெயமணி "ஒரு டிர்கி!" என்று குரல் கொடுத்தாள். ரெங்கம்மாவுக்கு அவன் யாரென்று முன்னாடியே சொல்லி வைத்திருந்தார்கள். அவன் கூடுதலாகச் சோறு வாங்கிக்கொண்டான். தாஸ் பாபு பிடிவாதமாக வெள்ளைக்காரராகவே இருந்தார். பிறகு இங்ரித் படியேறினாள்.

ஜெயமணி வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. நாங்கள் எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம். கவிப்ரியா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளை என்று சொல்ல முடியாது. தெலுங்கு என்று சொன்னால் வாய் வெந்துவிடும். பெயரைச் சொன்னால் ரெங்கம்மாவுக்குப் பழையபடி முட்டைதான் ஞாபகம் வரும்.

"யாரு வந்திருக்கா? என்னா வைக்க?" என்று உள்ளேயிருந்து ரெங்கம்மா சத்தம் போட்டாள்.

"எனக்கு வைக்கிற மாதிரி ஒண்ணு வையி" என்றாள் ஜெயமணி.

ரெங்கம்மா ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தாள். "நீ இப்பத்தான தின்ன?"

"எனக்கு இல்லக்கா. எனக்கு எப்படி வைப்பியோ அப்படி."

தட்டு வந்தது. சிவப்புக் குழம்பு, முள்ளோடு மீன், ஓரத்தில் ஜெயமணி வீட்டு முறைப்படி இடித்த கொச்சிக்காய்ச் சம்பல், அதாவது மிளகாய்த் துவையல். அதை அவள் இதுவரை எங்களுக்கேகூடப் போட்டதில்லை. கரண்டி இல்லை. இங்ரித் முள்ளைத் தானே எடுத்தாள், ஒன்று தொண்டையில் மாட்டியது, சோற்றை உருட்டி விழுங்கிச் சரிசெய்தாள். மூக்கு சிவந்தது, கண்ணில் நீர் கொட்டியது. தாஸ் பாபு தன் முட்டையை மறந்துவிட்டு ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். பாதித் தட்டு காலியாகும்வரை ஜெயமணி பக்கத்திலேயே நின்றாள்.

"எப்படிம்மா இருக்கு?"

ஆறு மாதமாக வந்த பதில்தான் வரும் என்று நான் நினைத்தேன். இங்ரித் விரலை நக்கினாள், யோசித்தாள்.

"உப்புக் கம்மி, அக்கா."

ஜெயமணியிடம் உப்பைப் பற்றிப் பேசுகிற தைரியம் எங்களில் ஒருவருக்கும் கிடையாது. அவள் இடுப்பில் கையை வைத்தாள்.

"உப்புக் கம்மியா? பதினஞ்சு வருசமா இந்த ஊரு முழுக்க என் கையாலதான் தின்னுது, ஒருத்தன் சொன்னதில்ல. புல்லுப் பாக்க வந்தவ எனக்கு உப்புப் போடச் சொல்லித் தாறியா? அந்தா, அலமாரியில ஜாடி இருக்கு. எந்திரிச்சுப் போயி எடுத்துக்க. நானா வந்து ஊட்டணும்?"

நாங்கள் பிளேர் வாசிகள் அத்தனை பேரும் தினமும் வாங்குகிற திட்டு அது. இந்த ஆறு மாதத்தில் அந்தப் பெண்ணை ஒருவரும் இப்படித் திட்டியதில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இங்ரித் எச்சில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்து போய், இடது கையால் ஜாடியைத் திறந்து, தன் தட்டில் உப்பைப் போட்டுக்கொண்டாள். திரும்பி உட்காருவதற்கு முன்னால், என்னைக் கேட்காமலேயே என் தட்டிலும் ஒரு சிட்டிகை போட்டாள். உண்மையில் உப்புக் கம்மிதான்.